கொலையை எங்கள் ஊருக்கும் கொண்டு வாருங்கள்

வரும் ஜனவரிப் புத்தகக் காட்சிக்காகக் குற்றப் புனைவு எழுதிக்கொண்டிருக்கும் எழுத்தாளர்களுக்கும், அதை அச்சுக்கு அனுப்பக் காத்திருக்கும் பதிப்பாளர்களுக்கும்

அன்புடையீர்,

வணக்கம். வேலூர் சத்துவாச்சாரி கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாக வேலை பார்க்கிறேன். பகல் முழுக்கக் கேஸ் கட்டு, ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் கொலைக்கதை. "அங்கேயும் அதே எழவு, இங்கேயும் அதே எழவா?" என்று வீட்டில் கேட்காத நாளில்லை. அதே எழவு இல்லை. கேஸ் கட்டைப் பிரித்தால் கொன்றது யார் என்பது முதல் பக்கத்திலேயே இருக்கும், அதை நிரூபிக்க முடியுமா என்பது தீர்ப்பு நாள் வரை எவருக்கும் தெரியாது. உங்கள் கதைகளில் கொன்றது யார் என்பது கடைசிப் பக்கம் வரை தெரியாது, தெரிந்த பிறகு நிரூபிப்பதைப் பற்றி எவரும் கவலைப்படுவதில்லை. இரண்டையும் படிக்கிறவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

ஐப்பசி பிறந்தாலே உங்கள் அறிவிப்புகள் வரத் தொடங்கிவிடும். இருட்டில் ஒரு கை, தரையில் உடைந்த மூக்குக் கண்ணாடி, மழையில் குடை பிடித்து முதுகு காட்டி நிற்கும் ஓர் ஆள். (எங்கள் ஊரில் குடை வெயிலுக்கு.) தலைப்பு வரும், பிறகு அட்டை வரும், பிறகு "விரைவில்" வரும். அந்த விரைவில் எவ்வளவு விரைவு என்று மட்டும் சொல்ல மாட்டீர்கள். மாத நாவல் காலத்தில் இந்தக் குழப்பம் கிடையாது. பஸ் ஸ்டாண்டு புத்தகக் கடையில் கயிறு கட்டி, கிளிப் போட்டு மாட்டியிருப்பார்கள். அடுத்த மாதத் தலைப்பு இந்த மாதப் புத்தகத்திலேயே விளம்பரமாக இருக்கும். அதற்குள் எழுத்தாளர் கதையை யோசித்திருப்பாரா என்பது வேறு விஷயம், தேதி தவறாது. காட்பாடியில் ரயிலேறினால் அரக்கோணம் தாண்டுவதற்குள் கொலைகாரன் பிடிபட்டுவிடுவான்.

அந்தக் காலம் பொற்காலம் என்று புலம்ப வரவில்லை. இப்போது வருகிறவற்றில் பல, எழுத்தாக அதைவிட மேல். பெண்கள் எழுதுகிறார்கள், காவல்துறையில் இருந்தவர்கள் எழுதுகிறார்கள், வெள்ளைக்காரன் காலத்துச் சென்னைப் பட்டணத்தில் கொலை நடத்துகிறார்கள், மலையாளத்திலிருந்தும் ஐரோப்பிய மொழிகளிலிருந்தும் நல்ல மொழிபெயர்ப்புகள் வருகின்றன. அதனால்தான் காத்திருக்கிறேன். காத்திருக்கிறவனுக்கு ஆசைப்பட உரிமை உண்டல்லவா? என் ஆசை ஒன்றே ஒன்று. அடுத்த கொலையாவது ஈ.சி.ஆர் பங்களாவிலும் ஊட்டி எஸ்டேட்டிலும் நடக்காமல் எங்கள் பக்கம் நடக்கட்டும். ஊர்ப் பெயரை மாற்றிப் போட்டால் வேறு எங்கேயும் நடக்க முடியாத மாதிரி நடக்கட்டும்.

இந்த எழுத்து எங்கள் ஜில்லாவுக்கு நேற்று வந்ததில்லை. தமிழில் துப்பறியும் கதையைப் பரப்பிய முன்னோடிகளில் ஒருவர் ஆரணி குப்புசாமி முதலியார். ஆரணி இன்றைக்குத் திருவண்ணாமலை மாவட்டம், அவர் நாளில் வட ஆற்காடு. 'ஆனந்தபோதினி' இதழின் ஆசிரியராக இருந்துகொண்டு, ஆங்கிலக் கதைகளை ஆளும் பேரும் மாற்றி எழுதித் தள்ளினார். ஷெர்லாக் ஹோம்ஸ் அவர் கையில் ஆனந்த் சிங் ஆனார். தழுவல்தானே என்று மூக்கைச் சுளிப்பவர்கள் உண்டு, நான் சுளிக்க மாட்டேன். எழுதப் படிக்கத் தெரிந்தவர்களே குறைவாக இருந்த காலத்தில் மனிதர் அத்தனை பேரைப் பக்கம் புரட்ட வைத்திருக்கிறார். 1925-இல் மறைந்தார். அதற்கப்புறம் நூறு வருஷத்தில் இந்த எழுத்து எங்கெங்கோ போய்விட்டது. ஆரணிக்கும் ஆற்காட்டுக்கும் மட்டும் திரும்பி வரவில்லை, என் கண்ணில் பட்டவரை.

சரக்கு இல்லாமலா? 2021 டிசம்பரில் வேலூர் தோட்டப்பாளையத்தில் ஒரு பெரிய நகைக்கடையின் பின்பக்கச் சுவரில் துளை போட்டு ஒருவன் உள்ளே போனான். முகத்தில் சிங்க முகமூடி. கேமராக்கள் மேல் ஸ்பிரே பெயின்ட். போனது சுமார் 15 கிலோ நகை. ஏதோ வடநாட்டுக் கும்பல் என்று டீக்கடைதோறும் தீர்ப்பு எழுதினார்கள். கடைசியில் பிடிபட்டது அணைக்கட்டுப் பக்கத்துப் பையன், 22 வயது. நகைகள் ஒடுகத்தூர் சுடுகாட்டில் புதைந்திருந்தன. சிங்க முகமூடியும் சுடுகாடும் நாவலில் வந்திருந்தால் "ரொம்ப ஓவர்" என்று நானே சொல்லியிருப்பேன்.

இந்த வழக்கில் இன்னொரு சங்கதி இருக்கிறது. பெரும்பாலான நாவல்களில் கடைசி அத்தியாயத்தில் எல்லோரையும் ஹாலில் உட்கார வைத்து, துப்பறிகிறவர் குறுக்கும் நெடுக்கும் நடந்து பேசி, கொலைகாரன் உடைந்துபோய் "ஆமாம், நான்தான் செய்தேன்" என்பான். இன்ஸ்பெக்டர் விலங்கு மாட்டுவார். முற்றும். அந்த ஒப்புதலை எங்கள் கோர்ட்டுக்கு எடுத்து வந்தால் ஒரு டீ கூடக் கிடைக்காது. போலீஸ்காரரிடம் கொடுத்த வாக்குமூலம் சாட்சியமாகாது. பழைய சாட்சியச் சட்டத்தில் 25-ஆம் பிரிவு, புதிய சட்டத்தில் 23. ஆனால் "நகையை இந்த இடத்தில் புதைத்திருக்கிறேன், காட்டுகிறேன்" என்று சொல்லி, அவன் காட்டிய இடத்தில் நகை கிடைத்தால், அந்தக் கண்டுபிடிப்புக்குக் காரணமான பேச்சு மட்டும் உள்ளே வரும். அதாவது பத்துப் பக்க வாக்குமூலத்தில் இரண்டு வரி பிழைக்கும். ஒரு சுடுகாட்டில், மண்வெட்டியோடு போலீஸ், கைகட்டி நிற்கும் குற்றவாளி, மகஜரில் (கைப்பற்றியதை அங்கேயே எழுதி வைக்கும் பத்திரம்) கையெழுத்துப் போட இழுத்து வரப்பட்ட இரண்டு ஊர்க்காரர்கள். ஹாலில் நடந்துகொண்டே பேசுவதைவிட எத்தனை மடங்கு நல்ல கிளைமாக்ஸ் என்று யோசித்துப் பாருங்கள்.

மகஜர் சாட்சிகள் என்ன ஆவார்கள் என்பது ஒரு தனி நாவல். கொலை நடந்து மூன்று நாலு வருஷம் கழித்துக் கூண்டில் ஏறுவார்கள். அதற்குள் ஒருவர் ஆம்பூர் ஷூ கம்பெனியை விட்டு ஓசூர் போயிருப்பார். இன்னொருவர் பெண்ணைக் குற்றவாளியின் சொந்தத்திலேயே கட்டிக் கொடுத்திருப்பார். "கையெழுத்து என்னுடையதுதான், ஆனால் எழுதாத பேப்பரில் வாங்கினார்கள்" என்பார். அரசு வக்கீல் எழுந்து, இவரைப் பிறழ்சாட்சியாக, அதாவது சொன்னதை மாற்றிப் பேசுகிறவராகக் கருத வேண்டும் என்பார். இந்த ஒரு நிமிஷத்தில் கூண்டில் நிற்கிறவர் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? அவர் நீதிபதியைப் பார்க்க மாட்டார், குற்றவாளியைப் பார்க்க மாட்டார், கூண்டின் கட்டையில் பெயர்ந்த வார்னிஷை நகத்தால் சுரண்டிக்கொண்டிருப்பார். தமிழ் நாவலில் இந்த ஆளுக்காகப் பல வருஷமாகக் காத்திருக்கிறேன்.

எக்ஸ்பிரஸ் எஃப்.ஐ.ஆர் என்று ஒன்று உண்டு. கொலை வழக்கு பதிவானால் முதல் தகவல் அறிக்கை தாமதமில்லாமல் மாஜிஸ்திரேட் கைக்குப் போக வேண்டும். ஒரு போலீஸ்காரர் அதை எடுத்துக்கொண்டு கிளம்புவார். ராத்திரி என்றால் மாஜிஸ்திரேட் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். வாங்கிய நேரத்தை அவர் அதிலேயே எழுதிக் கையெழுத்துப் போடுவார். ஸ்டேஷனில் பதிவான நேரம் இரவு 9, மாஜிஸ்திரேட் வாங்கியது விடியற்காலை 5 என்று இருந்தால், நடுவில் அந்த எட்டு மணி நேரம் என்ன நடந்தது? முதலில் எழுதியதைக் கிழித்துவிட்டு வேறு எழுதினார்களா? ஒரு பெயரை எடுத்துவிட்டு இன்னொரு பெயரைச் சேர்த்தார்களா? எங்கள் சீனியர் கட்டைப் பிரித்ததும் முதலில் தேடுவது இந்த இரண்டு நேரத்தைத்தான், அப்புறம்தான் கத்தி எத்தனை அங்குலம் என்று பார்ப்பார். அந்தப் போலீஸ்காரர் பஸ்ஸைத் தவறவிட்டிருக்கலாம், வழியில் மாமியார் வீட்டில் சாப்பிட்டிருக்கலாம், யாராவது உட்கார வைத்திருக்கலாம். அந்த எட்டு மணி நேரத்தை மட்டும் வைத்து இருநூறு பக்கம் எழுதுகிறவர் யாராவது இருந்தால், புத்தகத்துக்கு இப்போதே பணம் கட்டத் தயார்.

ஸ்டேஷன் ரைட்டரையும் மறந்துவிடாதீர்கள். நாவலில் இன்ஸ்பெக்டர் வருகிறார், ஏ.சி வருகிறார், ரகசியப் பிரிவு வருகிறது. நாற்காலியை விட்டு எழாமல் சி.எஸ்.ஆர் (புகார் ரசீது) போட்டு, எஃப்.ஐ.ஆர் எழுதி, கேஸ் டைரியை ஒழுங்குபடுத்தி, எந்த வழக்கில் எது இடிக்கும் என்று விரல் நுனியில் வைத்திருக்கும் அந்த ஏட்டு மட்டும் வருவதேயில்லை. கதாநாயகனாக அவரைப் போட்டால் சண்டைக்காட்சி செலவும் மிச்சம்.

சட்டம் மாறியதும் உங்களுக்கு ஒரு கொடை. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. இன்னும் சில புத்தகங்களில் போன மாதம் நடந்த கொலைக்கு இன்ஸ்பெக்டர் "302 போடுய்யா" என்கிறார். இப்போது அது 103. எங்கள் கோர்ட்டிலோ இரண்டும் ஓடுகிறது, ஏனென்றால் ஜூன் 30 நள்ளிரவு வரை நடந்த குற்றத்துக்குப் பழைய சட்டம், அதற்கப்புறம் நடந்ததற்குப் புதியது. அந்த ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அந்தாண்டையா இந்தாண்டையா என்று தெரியாமல் ஒரு சாவு நடந்திருந்தால்? தண்டனையில் பெரிய வித்தியாசம் இல்லைதான். ஆனாலும் ஒரு நல்ல வக்கீலுக்கு அந்த இடுக்கு போதும். ஏழு வருஷமும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றமென்றால் தடயவியல் ஆள் இடத்துக்கே வர வேண்டும் என்று புதிய நடைமுறைச் சட்டம் சொல்கிறது, அதை முழுசாகக் கொண்டுவர மாநிலங்களுக்கு ஐந்து வருஷ அவகாசமும் கொடுத்திருக்கிறது. சோதனை போடுவதையும் பொருள் கைப்பற்றுவதையும் வீடியோ எடுக்க வேண்டும், செல்போனிலேயே எடுக்கலாம். யார் செல்போன், சார்ஜ் இருந்ததா, நடுவில் ஏன் ஒரு நிமிஷம் படம் இல்லை? இவையெல்லாம் உங்களுக்காகவே காத்துக் கிடக்கும் முடிச்சுகள்.

இனி ஊருக்கு வருகிறேன். வெயிலூர் என்று கிண்டல் செய்வீர்களே, அந்த வெயிலை ஒரு துப்பாகப் பயன்படுத்தியவர் உண்டா? இங்கிலீஷ் கதையில் டாக்டர் பிணத்தைத் தொட்டுப் பார்த்து, "செத்து ஆறு மணி நேரம் ஆகிறது" என்பார். உடம்பின் சூடு சுற்றியிருக்கும் காற்றின் சூட்டுக்கு மெல்ல இறங்கும் என்ற கணக்கில் சொல்கிறார். உயிருள்ள உடம்புக்கு 98.6 டிகிரி. அக்னி நட்சத்திரத்தில் இங்கே 105 அடிக்கிறபோது, ஷீட் போட்ட ஒரு கோடவுனுக்குள் கிடக்கிற பிணம் எங்கே குளிரப்போகிறது? குளிராது, சூடேகூட ஏறும். அந்தக் கணக்கே செல்லாது. அழுகலும் சீக்கிரம் தொடங்கிவிடும். ஒரு நாள் பழையதா இரண்டு நாள் பழையதா என்பதில் அனுபவமுள்ள டாக்டரே தயங்குவார். வயிற்றில் இருந்த சோறு, ஈ முட்டை, கடைசியாக யார் பார்த்தார்கள் என்று சுற்றிச் சுற்றித்தான் வர வேண்டும். கொலை நேரத்தில் வேறு இடத்தில் இருந்ததாக அலிபி தயார் செய்கிற கொலைகாரனுக்கு மே மாத வேலூரைப் போலக் கூட்டாளி கிடைக்க மாட்டான். இருந்தாலும் நம் நாவல்களில் அடுக்கம்பாறை ஆஸ்பத்திரி டாக்டரும் லண்டன் டாக்டர் மாதிரி மணி சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு போகிறார்.

சி.எம்.சி ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள லாட்ஜ்களைச் சொல்லாமல் விட முடியாது. காந்தி ரோடு, பாபு ராவ் தெரு பக்கம் ஒருமுறை சாயங்காலத்தில் நடந்து பாருங்கள். கடைப் பலகை வங்காளியில், மெனு வங்காளியில், மீன் மணம் வங்காளியில். மேற்கு வங்காளம், ஜார்கண்ட், அஸ்ஸாம், வங்கதேசம் என்று எங்கிருந்தெல்லாமோ வைத்தியத்துக்கு வந்து, வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் தங்குகிறார்கள். ரூமிலேயே சமைத்துக்கொள்ளலாம், அடுப்பும் பாத்திரமும் வாடகைக்குக் கிடைக்கும். வெளிநாட்டுக்காரர் தங்கினால் லாட்ஜ்காரர் அந்த விவரத்தை அதிகாரிகளுக்கு அனுப்ப வேண்டும். அப்படி ஒரு லாட்ஜில், நோயாளி ஆஸ்பத்திரியில் படுத்திருக்க, துணைக்கு வந்தவர் ரூமில் செத்துக் கிடக்கிறார் என்று வையுங்கள். பக்கத்து ரூம்காரர்கள் எல்லோரும் சாட்சி. எவருக்கும் தமிழ் தெரியாது. வந்த எஸ்.ஐக்குத் தமிழும் அரைகுறைத் தெலுங்கும். வாக்குமூலத்தைத் தமிழாக்கிச் சொல்கிறவன் லாட்ஜ் ரூம் பாய், குடியாத்தம் பக்கத்துப் பையன், வங்காளிகளோடு பழகிப் பழகிக் கற்ற பேச்சு. அவன் எதைச் சொன்னான், எதை விட்டான்? அவனுக்கு லாட்ஜ் முதலாளி சம்பளம் தருகிறார் என்பதை எஸ்.ஐ எப்போது உணர்கிறார்? ஒரு வாரத்தில் சாட்சிகள் பாதிப்பேர் ரயிலேறி ஊருக்குப் போய்விடுவார்கள். சம்மன் யார் கொண்டுபோய்க் கொடுப்பது? வாடகைப் பாத்திரம் கழுவித் திரும்பிக் கடைக்குப் போய்விட்டது, அதில்தான் விஷம் இருந்தது. எனக்கு எழுதத் தெரிந்திருந்தால் உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருப்பேனா?

கோட்டைக்கு வாருங்கள். 1929-இல் ரொனால்டு நாக்ஸ் என்ற இங்கிலாந்துப் பாதிரியார் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளை எழுதினார். அவரும் துப்பறியும் கதை எழுதியவர்தான். கிடைக்கிற துப்பை வாசகனிடமிருந்து ஒளிக்கக் கூடாது என்பது அதில் ஒன்று. இதை நம்மவர்கள் ஃபிரேம் போட்டு மேஜைக்கு மேல் மாட்டலாம். ரகசிய வழி ஒன்றுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இன்னொன்று. வேலூர்க்காரனுக்கு இது கொஞ்சம் கஷ்டம். கோட்டையிலிருந்து விரிஞ்சிபுரம் கோயிலுக்குச் சுரங்கம் போகிறது என்று சின்ன வயசிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தச் சுரங்கம் கதையாகவே இருக்கட்டும். 1995 ஆகஸ்டில் கோட்டைக்குள் திப்பு மகாலில் அடைத்து வைத்திருந்த விடுதலைப் புலிகள் 43 பேர் சுரங்கம் தோண்டி வெளியே போனது கதையில்லை. சுற்றிலும் அகழி, வாசலில் காவல், உள்ளேயிருந்து தோண்டுகிறார்கள். தோண்டிய மண் எங்கே போனது என்ற ஒரு கேள்வி போதும், நல்ல எழுத்தாளனுக்கு.

வரலாற்றுக் கொலைக்கதை எழுதுகிறவர்களுக்கும் கோட்டையில் வேலை இருக்கிறது. 1806 ஜூலை 10 சிப்பாய் எழுச்சி எல்லோரும் அறிந்தது. அதற்கு முந்தின மாதமே முஸ்தபா பேக் என்ற சிப்பாய், இப்படி ஒன்று நடக்கப்போகிறது என்று வெள்ளைக்கார அதிகாரியிடம் போய்ச் சொன்னான். விசாரிக்கிற பொறுப்பு சுதேசி அதிகாரிகளிடமே போனது. சதியில் பங்கிருந்த அவர்கள் அவனைப் பைத்தியம் என்று சொல்லி உள்ளே போட்டார்கள். நடந்த பிறகு அவனுக்கு வெகுமதி. அவன் துரோகியா, பயந்தவனா, வேறு கணக்கு ஏதாவது வைத்திருந்தானா? ஊரில் எந்தப் பக்கம் நிற்பதென்று எனக்கே முடிவில்லை. கண்டியின் கடைசி ராஜா ஸ்ரீவிக்கிரம ராஜசிங்கனும் இதே கோட்டையில் சிறையிருந்து 1832-இல் இறந்தார். பாலாற்றங்கரையில் அவர் நினைவிடமான முத்து மண்டபம் இருக்கிறது, பார்த்துவிட்டுப் போங்கள்.

பாலாறு என்றதும் தண்ணியில்லாத ஆறு என்ற பழைய கிண்டல் ஞாபகம் வரும். 2021 நவம்பரில் அந்த ஆறு கரை புரண்டு ஓடியது. பல வருஷம் மணலுக்குள் கிடந்ததையெல்லாம் புரட்டிப் போட்டது. மணலில் புதைத்தால் எவனுக்கும் தெரியாது என்று நம்பிய ஒருவன் அந்த நவம்பரில் எப்படித் தூங்கியிருப்பான்?

கத்தியே இல்லாத கொலையும் எங்கள் பக்கம் உண்டு. 2015 ஜனவரி 31 விடியற்காலை ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவு தேங்கியிருந்த தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலும் மேற்கு வங்காளத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள். அதற்கு முன்பே, 1996-இல், தோல் தொழிற்சாலைக் கழிவுக்காக வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு நாடு முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் பாடம். மாசு செய்தவனே ஈடு கட்ட வேண்டும் என்றார்கள். பாடமாக இருந்தும் சுவர் உடைந்தது. இதில் கொலைகாரன் ஒருவன் இல்லை. கையெழுத்துப் போட்டவர், போடாமல் விட்டவர், கண்டும் காணாமல் போனவர் என்று ஒரு நீண்ட வரிசை. இப்படிப்பட்ட நாவலுக்கு என் மேஜையில் எப்போதும் இடம் உண்டு. கடைசிப் பக்கத்தில் யாரும் கைதாகாவிட்டாலும் குறை சொல்ல மாட்டேன். ஆம்பூர் பிரியாணி சாப்பிட ஒரு காட்சி வைத்துவிட்டு ஊரைக் காட்டிவிட்டோம் என்று திருப்திப்படுகிறவர்கள், அப்படியே ஒரு நாள் தோல் ஷாப் நாற்றத்தையும் முகர்ந்துவிட்டுப் போகலாம்.

எல்லைத் தகராறும் ஏராளம். 1989-இல் வட ஆற்காடு இரண்டாகப் பிரிந்தது. 2019-இல் வேலூர் மூன்றானது. பழைய வழக்கின் கட்டு ஒரு ஊரில், ஸ்டேஷன் இன்னொரு மாவட்டத்தில். தண்டவாளத்தில் பிணம் கிடந்தால் ரயில்வே போலீசா லோக்கல் போலீசா என்று டேப் பிடிக்கிற கூத்து தனி. கிறிஸ்டியான்பேட்டை செக்போஸ்ட் தாண்டினால் ஆந்திரா, செம்மரக் கடத்தல் கதைக்கு வேறு எங்கே போக வேண்டும்?

எங்கள் ஆட்கள் பேசுகிற மாதிரி பேசவிடுங்கள். வேலூர் ஏட்டு "நீங்கள் அந்த இரவு எங்கே இருந்தீர்கள்?" என்று கேட்க மாட்டார். "நைட்டு எங்கடா இருந்துகினு இருந்த?" என்பார். வாணியம்பாடி பாய் உருதுவில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பார். தினசரியிலிருந்தும் கடன் வாங்கலாம்: "மோப்ப நாய் சிறிது தூரம் ஓடி நின்றுவிட்டது, யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை." இத்தனை வருஷத்தில் அந்த நாய் எவரையும் கவ்விப் பிடித்து நான் படித்ததில்லை. ஏன் நின்றது என்று ஒருவராவது எழுதக் கூடாதா?

இனி பதிப்பாளர்களிடம், சுருக்கமாக. கதை எழுதும்போதே வெப் சீரிஸ் கனவு காண்கிற எழுத்தாளரை ஒருமுறை தட்டி எழுப்புங்கள். முதல் அத்தியாயத்திலேயே மேலிருந்து கேமரா இறங்குகிறது, பின்னணி இசை கூட எழுதியிருக்கிறார்கள், கதை மட்டும் மூன்றாம் அத்தியாயத்துக்கு அப்புறம்தான் வருகிறது. பின்னட்டையில் பாதி முடிச்சை அவிழ்த்துவிடாதீர்கள். காட்சி தொடங்கி நாலாம் நாள் மை காயாமல் ஸ்டாலுக்கு வந்த ஒரு புத்தகத்தில் 40-ஆம் பக்கத்தில் செத்தவர் 112-இல் போன் எடுத்துப் பேசினார். ஆவி என்று நம்பி மரியாதையாகக் கடைசி வரை படித்தேன். பிழை திருத்த ஆளில்லை, வேறொன்றும் இல்லை. ஜனவரியைத் தவறவிட்டால் பரவாயில்லை, பிப்ரவரியில் கொடுங்கள், மாவட்டப் புத்தகத் திருவிழாவுக்குக் கொண்டு வாருங்கள், காத்திருக்கிறோம். ஆனால் தேதி சொன்னால் தேதி. நாங்கள் வாய்தா வாங்குகிற ஊரிலிருந்து வருகிறோம், புத்தகத்துக்கும் வாய்தா வேண்டாம். வேலூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு கடைக்காவது பத்துப் பிரதி அனுப்பி வையுங்கள். எல்லோரும் காட்சி நடக்கும் சென்னை நந்தனம் வரை வர முடியாது, எல்லோருக்கும் ஆன்லைனில் வாங்கத் தெரியாது. எங்கள் கோர்ட்டில் டைப்பிஸ்ட் அம்மா ஒருவர் இருக்கிறார், என்னைவிட அதிகம் படிக்கிறவர், பணத்தைக் கையில் கொடுத்துப் புத்தகத்தைக் கையில் வாங்கித்தான் பழக்கம்.

எழுதும்போது எக்ஸ்பிரஸ் எஃப்.ஐ.ஆர், மகஜர், நகல் மனு என்று எதிலாவது சந்தேகம் வந்தால் சத்துவாச்சாரிக்கு வாருங்கள். பெஞ்ச் எழுந்த பிறகு, சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல். கேன்டீன் டீ என் கணக்கு. வழக்கில் இருக்கிற எவர் பெயரையும் சொல்ல மாட்டேன், மற்றபடி எது கேட்டாலும் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், அன்றைக்குப் படிக்க வேண்டும்.

இப்படிக்கு,
வேலூரிலிருந்து ஒரு வக்கீல் குமாஸ்தா